கடலில் தொலைபேசிக்குத் தனி நாடு: உல்லாசக் கப்பற் பயணமும் ரோமிங் கட்டணமும்

(புலம்பெயர் தமிழ் மூத்தோர் ஒன்றுகூடலொன்றில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் விடுமுறை என்ற சொல் நெடுங்காலம் இரண்டே பொருள்களைத்தான் குறித்து வந்தது. ஒன்று ஊருக்குப் போவது. மற்றையது வேறொரு நாட்டில் வாழும் உடன்பிறப்பின் வீட்டுக்குப் போவது. பிள்ளைகள் தலையெடுத்து, வீட்டுக் கடன் குறைந்து, ஓய்வூதியமும் கைக்கு வரத் தொடங்கிய பின்னர் உல்லாசக் கப்பற் பயணமும் இந்த வரிசையிற் சேர்ந்துகொண்டது. ரொறன்ரோ வாழ் தமிழர் விமானமேறிச் சென்று மயாமியிலோ போர்ட் லோடர்டேலிலோ கப்பலேறுகின்றனர். இலண்டனில் வாழ்வோருக்குச் சவுத்தாம்ப்டன் துறைமுகம், ஐரோப்பிய நாடுகளில் வாழ்வோருக்குப் பார்சலோனா, சிங்கப்பூர்த் தமிழருக்கு 2012 இல் திறக்கப்பட்ட மரினா பே கப்பல் முனையம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வாசல் இருக்கிறது. மணிவிழாவைக் கப்பலிலேயே கொண்டாடும் குடும்பங்களும் உள்ளன.

பயணத்துக்கான செலவை மாதக்கணக்கிற் சேமித்து, சலுகை விலை வரும்வரை காத்திருந்து சீட்டு வாங்கும் இதே குடும்பங்கள், வீடு திரும்பி இரண்டு மூன்று வாரங்களின் பின் வரும் தொலைபேசிக் கட்டணச் சிட்டையைக் கண்டு திகைப்பதும் வழமையாகி வருகிறது. சில வேளைகளில் அந்தச் சிட்டையின் தொகை கப்பற் சீட்டின் விலையை எட்டிப் பிடிக்கிறது. அது ஏன் நேர்கிறது, எவ்வாறு தவிர்க்கலாம், வந்துவிட்டால் யாரிடம் முறையிடலாம் என்பனவே இவ்வுரையின் பொருள்.

இதற்குப் பலர் சொல்லும் தீர்வு எளிமையானது: "தொலைபேசியை நிறுத்தி வைத்துவிட்டால் முடிந்தது." ஆனால், தமிழ் மூத்தோரிடம் இந்த அறிவுரை எடுபடுவதில்லை, எடுபடாமற் போவதற்கு நியாயமும் உண்டு. 1990களில் தொலைபேசி அட்டையைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, ஊரில் யார் உயிரோடிருக்கிறார்கள் என்று கேட்டறிந்த தலைமுறை இது. இரவு இரண்டு மணிக்கு மணி ஒலித்தால் ஊரிலிருந்துதான் என்று நெஞ்சு படபடக்கும் பழக்கம் இன்னும் மறையவில்லை. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ சென்னையிலோ தொண்ணூறு வயதைத் தொட்ட தாயோ தந்தையோ இருக்கும்போது, ஒரு வாரம் தொலைபேசியே இல்லாமல் நடுக்கடலில் இருக்க எந்த மகனுக்கும் மகளுக்கும் மனம் ஒப்பாது. ஆகவே தொலைபேசியை வாய்மூடச் செய்வது தீர்வாகாது. ஒரு வழியைத் திறந்து வைத்துக்கொண்டு மற்ற வழிகளை அடைப்பதே தேவையான ஏற்பாடு.

முதலில் கப்பலில் தொலைபேசி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். கரையிலுள்ள தொலைபேசிக் கோபுரங்களின் வீச்சு கடலுக்குள் நெடுந்தூரம் செல்வதில்லை. ஆயினும் நடுக்கடலிலும் தொலைபேசியின் திரையில் அலைவரிசைக் கோடுகள் தெரிகின்றன. காரணம், கப்பலின் தளங்களெங்கும் சிறிய தொலைபேசி நிலையங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அந்த நிலையங்கள் அழைப்பையும் தரவையும் செய்மதிக்கு அனுப்ப, செய்மதி அவற்றைத் தரையிலுள்ள நிலையமொன்றுக்கு அனுப்பி, அங்கிருந்து உலக வலையமைப்பிற் சேர்க்கிறது. இந்தச் சேவையை நடத்துவோர் வழமையான தொலைபேசி நிறுவனங்கள் அல்லர். கடலுக்கென்றே அமைந்த தனி நிறுவனங்கள். அமெரிக்கப் பக்கத்துக் கப்பல்கள் பலவற்றில் "செல்லுலர் அட் சீ" என்ற பெயரும், ஐரோப்பியக் கப்பல்கள் பலவற்றில் நோர்வேயைச் சேர்ந்த "டெலினோர் மரிடைம்" என்ற பெயரும் திரையிற் தோன்றும்.

ஒவ்வொரு நாட்டின் கைத்தொலைபேசி வலையமைப்புக்கும் மூன்று இலக்கக் குறியீடு ஒன்று உண்டு. கனடாவுக்கு 302, பிரித்தானியாவுக்கு 234, நோர்வேக்கு 242, இலங்கைக்கு 413. கப்பல் வலையமைப்புகளின் குறியீடோ 901 எனத் தொடங்குகிறது. இந்த 901 எந்த நாட்டுக்கும் உரியதன்று. நாடுகளுக்கு அப்பாற்பட்ட வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்டது. கப்பலேறியவர் இத்தாலிக்கும் கிரேக்கத்துக்கும் இடையில் இருப்பதாக எண்ணிக்கொண்டிருக்க, அவருடைய தொலைபேசியோ எந்த நாட்டின் சட்டமும் எட்டாத தனி நாடொன்றில் இருக்கிறது. ரோமிங் பற்றி மக்கள் அறிந்து வைத்திருக்கும் சலுகைகள் யாவும் தரையோடு நின்றுவிடுகின்றன.

ஐரோப்பாவில் வாழும் தமிழர் இதிலேதான் அதிகம் ஏமாறுகின்றனர். 2017 யூன் 15 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளிடையே ரோமிங் மேலதிகக் கட்டணம் நீக்கப்பட்டது. 2022 யூலை 1 இல் நடைமுறைக்கு வந்த புதிய ஒழுங்குவிதி அந்த ஏற்பாட்டை 2032 வரை நீடித்தது. நோர்வேயும் ஐசுலாந்தும் ஒன்றியத்தில் இல்லாவிடினும் ஐரோப்பியப் பொருளாதார வலயத்தின் ஊடாக இதிற் சேர்ந்துள்ளன. பாரிசில் வாழும் ஒருவர் ரோமாபுரிக்குச் சென்று வீட்டில் இருப்பதுபோலவே பேசிப் பழகிவிட்டார். அதே நம்பிக்கையோடு கப்பலிலும் பேசுகிறார். ஆனால் இந்த ஏற்பாடு தரை வலையமைப்புகளுக்கு மட்டுமே உரியது. கப்பலிலும் விமானத்திலும் செய்மதி வழியாக இயங்கும் வலையமைப்புகளுக்கு விலை வரம்பே கிடையாது. நிறுவனம் கேட்பதுதான் கட்டணம்.

பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மட்டும் உரிய கதையும் இதுவன்று. ஒஸ்லோவிலிருந்து கீல் நகருக்கும் கொப்பன்ஹேகனுக்கும் ஓரிரவிற் செல்லும் கப்பல்கள் நோர்வேத் தமிழருக்கு நன்கு பழக்கமானவை. வார இறுதியில் பிள்ளைகளோடு போய்வரும் அந்தப் பயணத்தை எவரும் வெளிநாட்டுப் பயணமாகவே கருதுவதில்லை. இத்தகைய கப்பல்களிலும் செய்மதி வலையமைப்பு இயங்கக்கூடும்.

இனி, கட்டணம் எந்தெந்த வழிகளாற் புகுகிறது என்று பார்க்கலாம். முதலாவது வழி எவரும் எதிர்பாராதது: வரும் அழைப்பு. கப்பல் வலையமைப்பில் இணைந்திருக்கும்போது, அழைத்தவர் மட்டுமன்றி அழைக்கப்பட்டவரும் பணம் செலுத்துகிறார். ஊரிலிருந்து அக்கா அழைக்கிறார். "எப்பிடி இருக்கிறியள், சாப்பாடு எப்பிடி, குளிரோ" என்று நலம் விசாரித்து அரைமணி நேரம் பேசுகிறார். நிமிடத்துக்கு 5 டொலர் என்று வைத்துக்கொண்டாலும் 150 டொலர். பேசிய இருவருக்கும் அப்போது அது தெரியாது.

இரண்டாவது, தொலைபேசி தானாகவே செய்யும் வேலைகள். இன்றைய தொலைபேசிகள் சும்மா இருப்பதில்லை. எடுத்த படங்களைச் சேமிப்பகத்துக்கு ஏற்றுகின்றன, மின்னஞ்சலைத் தேடுகின்றன, செயலிகளைப் புதுப்பிக்கின்றன. ஒரு படம் மூன்று அல்லது நான்கு மெகாபைட் அளவு இருக்கும். மெகாபைட்டுக்கு 10 யூரோ என்று ஒரு பேச்சுக்குக் கொண்டால், மேல்தளத்தில் நின்று எடுத்த ஒரு சூரிய அத்தமனப் படம் 30, 40 யூரோவாகிவிடும். படத்தை எவருக்கும் அனுப்பியிருக்கத் தேவையில்லை. சட்டைப்பையில் இருந்தபடியே தொலைபேசி அதைச் செய்துமுடிக்கும்.

மூன்றாவது குரலஞ்சல். இது சற்றுச் சிக்கலானது. தொலைபேசி கப்பல் வலையமைப்பிற் பதிவாகியிருக்கும்போது வரும் அழைப்பை எடுக்காமல் விட்டால், அந்த அழைப்பு கப்பல்வரை வந்து, பின் தாய்நிறுவனத்தின் குரலஞ்சலுக்குத் திரும்பிச் செல்கிறது. வந்ததற்கு ஒரு கட்டணம், திரும்பியதற்கு இன்னொரு கட்டணம் என இரட்டிப்பாக அறவிடும் நிறுவனங்கள் உண்டு. "எடுக்கவேயில்லையே, எதற்குப் பணம்?" என்று கேட்போருக்கு விடை இதுதான். தொலைபேசி எந்த வெளி வலையமைப்பிலும் பதிவாகாமல் இருந்தால் அழைப்பு தாய்நாட்டிலேயே குரலஞ்சலுக்குப் போய்விடும்; ரோமிங் கட்டணத்துக்கு அங்கே இடமில்லை.

அலைபேசிச் சிம் பொருத்திய கைக்கடிகாரமும் பேரப்பிள்ளையின் கைக்கணினியும் இதே வேலைகளைச் செய்யக்கூடியவை. அவற்றை எவரும் தொலைபேசியாக எண்ணுவதில்லை என்பதுதான் வேறுபாடு.

"டேட்டா ரோமிங்கை நிறுத்தி வைத்திருந்தோமே" என்பது அடுத்துக் கேட்கும் குரல். நல்லதுதான், ஆனால் அது தரவை மட்டுமே தடுக்கும். அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் அது தடுப்பதில்லை. ஐபோன்களில் ஐமெசேஜ் சேவை இயங்கத் தொடங்கும்போது, பயனருக்குத் தெரியாமலே ஒரு குறுஞ்செய்தி வெளிநாட்டுக்குச் செல்வதுண்டு. ஆகவே தரவை நிறுத்துவது கதவை அடைத்துவிட்டுச் சாளரத்தைத் திறந்து வைப்பதற்கு ஒப்பானது.

கதவும் சாளரமும் ஒருங்கே அடைபடும் வழி ஒன்றே: விமானப் பயன்முறை. திரையில் சிறிய விமானப் படத்தை ஒருமுறை தொட்டால், தொலைபேசி எந்தக் கோபுரத்தோடும் பேசாது. அதன் பின்னர் வைஃபையை மட்டும் தனியாகத் திறந்துகொள்ளலாம். இவ்விரண்டும் சேர்ந்து நிற்கும் என்பதைப் பலர் அறியாதிருக்கின்றனர். விமானப் பயன்முறை என்றால் தொலைபேசி செத்துவிட்டது என்று எண்ணுவோர் மூத்தோரிடையே மிகப் பலர். விமானப் படமும் வைஃபைக் கோடுகளும் திரையின் மேற்புறத்தில் ஒருங்கே தெரிய வேண்டும். கப்பலில் தொலைபேசி இருக்க வேண்டிய கோலம் அதுவே. பிள்ளைகள் பெற்றோரை வழியனுப்புமுன் வீட்டிலேயே இதை இரண்டு மூன்று தடவை செய்துபார்க்கச் சொல்வது பயனுள்ளது. துறைமுக வாசலில் நின்று அவசரத்திற் சொல்லிக்கொடுத்தால் மனதிற் பதியாது.

இங்கே நேரம் பற்றிய ஒரு குறிப்பைக் கவனிக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது அதன் செய்மதி வலையமைப்பு பொதுவாக நிறுத்தப்பட்டிருக்கும். கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 22 கிலோமீற்றர் தாண்டிய பின்னரே பெரும்பாலும் அது உயிர்பெறும். ஐரோப்பியக் கடல்களில் சில நிபந்தனைகளோடு 2 கடல் மைலுக்கு அப்பாலும் இயக்க இடமுண்டு. எனவே, மிகுதியான தவறுகள் பயணத்தின் முதல் நாளில் நேர்வதில்லை. முதல் நாள் எல்லோரும் கவனமாக இருக்கிறார்கள். மூன்றாம் நாள் ஏதோ ஒரு தீவில் இறங்குகிறார்கள். வரைபடம் பார்க்கவும் வாடகை வண்டி அழைக்கவும் விமானப் பயன்முறையை நீக்குகிறார்கள். மாலையில் களைத்துத் திரும்பி, குளித்து, இரவுணவுக்குப் போகிறார்கள். கப்பல் சத்தமில்லாமல் நகர்ந்து கரையைக் கடந்துவிடுகிறது. நீக்கியது நீக்கியபடியே இருக்கும் தொலைபேசி தரைக்கோபுரத்தை இழந்து, கப்பல் வலையமைப்பைப் பற்றிக்கொள்கிறது. மறுநாட் காலைவரை அது அங்கேயே இருக்கும். கப்பலுக்குள் நுழையும் வாயிலில் அறை அட்டையைக் காட்டிப் பதிவு செய்கிறார்கள் அல்லவா, அந்த இடத்திலேயே விமானப் பயன்முறையையும் இட்டுவிடும் பழக்கம் இதற்கு நல்ல மருந்து. கணவர் மனைவிக்கும் மனைவி கணவருக்கும் நினைவூட்டலாம்.

கரையிலும் கண்ணுக்குத் தெரியாத எல்லைகள் உண்டு. கரிபியன் கடலில் சென் மார்ட்டின் என்றொரு சிறிய தீவு. அதன் வடபகுதி பிரான்சுக்கு உரியது. தென்பகுதி நெதர்லாந்து இராச்சியத்தைச் சேர்ந்தது. பிரெஞ்சுப் பகுதியிலும், மார்த்தினிக், குவாதலூப் ஆகிய தீவுகளிலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி செல்லுபடியாகும். அதே சென் மார்ட்டினில் கப்பல்கள் வந்து நிற்கும் ஒல்லாந்தப் பகுதியில் அது செல்லுபடியாகாது. பிரான்சு வாழ் தமிழர் ஒருவர் ஒரே தீவில் தெருவைக் கடந்ததும் கட்டணம் மாறிவிடுகிறது. மத்தியதரைக் கடலில் கிரேக்கத்தின் சாமோசுத் தீவுக்கும் துருக்கிக்கும் இடையிலான நீரிணை மிக ஒடுங்கிய இடத்தில் இரண்டு கிலோமீற்றர்கூட இல்லை. கிரேக்க மண்ணில் நின்றுகொண்டே துருக்கிய வலையமைப்பில் இணைந்துவிடலாம். துருக்கி ஒன்றியத்தில் இல்லை. சுவிற்சர்லாந்தும் இல்லை என்பதை அங்கு வாழும் தமிழர் நன்கறிவர். பிரித்தானியாவில் 2020 டிசெம்பர் 31 உடன் இந்த உத்தரவாதம் முடிந்துவிட்டது. அதன் பின்னர் ஐரோப்பாவில் ரோமிங் இலவசமா இல்லையா என்பது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

இந்த எல்லைச் சிக்கல் ஈழத்தவருக்கும் தமிழகத்தவருக்கும் புதியதன்று. தனுஷ்கோடியின் மணல்மேட்டில் நிற்பவரின் தொலைபேசியில் "இலங்கைக்கு நல்வரவு" என்று செய்தி வருவது பலரும் கண்டதே. 2023 யூனில் சென்னையிலிருந்து புறப்பட்ட உல்லாசக் கப்பலொன்று அம்பாந்தோட்டை, திருகோணமலை வழியாகக் காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில் பயணிகள் கப்பற் சேவை தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. கனடியச் சிம்மோ பிரெஞ்சுச் சிம்மோ வைத்திருப்பவர் இப்பாதையிற் செல்லும்போது, இந்தியக் கட்டணமும் இலங்கைக் கட்டணமும் ஒன்றல்ல என்பதை மறக்கலாகாது. இத்தகைய எல்லையோரங்களில் வலையமைப்பைத் தானாகத் தேடும் அமைப்பை நிறுத்தி, வேண்டிய நிறுவனத்தின் பெயரைக் கையாலே தெரிவு செய்வது நல்லது.

இனித் திறந்து வைக்க வேண்டிய அந்த ஒரு வழியைப் பற்றி. அது கப்பலின் வைஃபை. முன்னர் கப்பல் இணையம் என்றால் ஆமை வேகம். பூமியிலிருந்து 35,786 கிலோமீற்றர் உயரத்தில் நிற்கும் செய்மதிக்குப் போய்வர வேண்டியிருந்தது. 2022 இலிருந்து பெரிய கப்பல் நிறுவனங்கள் ஏறத்தாழ 550 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஸ்டார்லிங்க் செய்மதிகளுக்கு மாறத் தொடங்கின. ஆகவே வாட்ஸ்அப், வைபர் வழியாகக் குரல் அழைப்பும் காணொளி அழைப்பும் இப்போது பல கப்பல்களில் இயல்பாக நடைபெறுகின்றன. வைஃபைக்குக் கப்பல் நிறுவனம் தனிக்கட்டணம் கேட்கும். அது மலிவானதன்று. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்த தொகை. வீட்டுக்கு வந்தபின் பாயும் தொகையன்று. கப்பலேறுமுன் இணையத்தில் வாங்கினால் விலை குறைவாக இருப்பது வழமை.

வாங்குமுன் இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். இந்தப் பொதியில் குரல் அழைப்பு வேலை செய்யுமா, அல்லது எழுத்துச் செய்திக்கு மட்டுமா? மலிவான பொதிகள் சிலவற்றில் அழைப்பு வேலை செய்வதில்லை. ஒரு கருவிக்கு வாங்கியதை, கணவர் வெளியேறியபின் மனைவி தன் தொலைபேசியிற் பயன்படுத்தலாமா? பல கப்பல்களில் இது இயலும். அவ்வாறாயின் இருவருக்கும் ஒரு பொதியே போதும். டுபாயிலிருந்து புறப்படும் பயணங்களில், அந்நாட்டு வலையமைப்பில் வாட்ஸ்அப் அழைப்புகளுக்குத் தடை உண்டென்பதால், துறைமுகத்தில் நிற்கும் நாளில் அழைப்பு எடுபடவில்லையென்று பதற வேண்டியதில்லை.

தொலைபேசி நிறுவனங்கள் விற்கும் "பயண நாட்பொதி" கப்பலுக்கும் செல்லும் என்று நம்பி ஏறுவோர் பலர். சாதாரண நாட்பொதிகள் பெரும்பாலும் கரைக்கு மட்டுமே உரியவை. கப்பலுக்கெனத் தனிப்பொதி விற்கும் நிறுவனங்களும் உண்டு. ஆனால் கப்பலின் பெயர் அவர்களுடைய பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்தபின்னரே வாங்க வேண்டும். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் இ-சிம்கள் துறைமுகங்களில் இறங்கும்போது மிகவும் உதவுவன. நடுக்கடலில் அவை பொதுவாகப் பயன்படா.

கப்பலுக்குள்ளே ஒருவரையொருவர் தேடிப்பிடிப்பதற்கு இவை எதுவும் வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் செயலிகள் இணையப் பொதி வாங்காமலே கப்பலின் வைஃபையில் இயங்குகின்றன. சிலவற்றில் பயணிகள் தமக்குள் செய்தி அனுப்பும் வசதியும் உண்டு. அறைக்கு அறை பேசும் தொலைபேசி இலவசமே. அறைத் தொலைபேசியிலிருந்து கரைக்கு அழைத்தால் மட்டும் அதுவும் செய்மதிக் கட்டணம். "ஏழு மணிக்கு ஐந்தாம் தளத்துப் படிக்கட்டடியில் நிற்போம்" என்று சொல்லிவைக்கும் பழைய முறைக்கு ஈடான தொழில்நுட்பம் எதுவும் இல்லை. நல்லூர்த் திருவிழாவில் அப்படித்தானே எல்லோரும் சேர்ந்தார்கள்.

வங்கிகள் அனுப்பும் ஒருமுறைக் கடவுச்சொல் குறுஞ்செய்தியாக வருவது. விமானப் பயன்முறையில் அது வராது. கப்பலிலிருந்து பணம் மாற்றவோ சீட்டுப் பதிவு செய்யவோ தேவை ஏற்படுமாயின், வங்கியின் செயலி வழியாக உறுதிப்படுத்தும் முறையைப் புறப்படுமுன்பே அமைத்துக்கொள்ள வேண்டும். குறுஞ்செய்தி ஒன்றைப் பெறுவதற்காக ஐந்து நிமிடம் விமானப் பயன்முறையை நீக்கியவர்களின் தொலைபேசி, அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நாளின் நிலுவை மின்னஞ்சல்கள் அனைத்தையும் இறக்கிய கதைகள் உண்டு. குரலஞ்சலையும் புறப்படுமுன் நீக்க விரும்புவோர், பெரும்பாலான வலையமைப்புகளில் ##002# என்று அழுத்தி அழைத்தால் எல்லாத் திசைதிருப்பல்களும் நீங்கும். பயணம் முழுவதும் விமானப் பயன்முறையிலேயே இருக்கப்போகிறவருக்கு அது தேவைப்படாது.

இப்போது ஊர்ச்செய்தி. இதுவே நம்மவருக்கு உண்மையான கவலை. புறப்படுமுன் ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் ஒரே செய்தியைச் சொல்லிவைக்க வேண்டும்: "இந்த வாரம் எங்களை நேரே அழைக்க வேண்டாம், அவசரமென்றால் மகனை அழையுங்கள்." கரையில் இருக்கும் மகனோ மகளோ ஒருவர் தூதராக இருக்க வேண்டும். அவரிடம் கப்பலின் பெயர், அறை இலக்கம், பயணப் பதிவு இலக்கம், கப்பல் நிறுவனத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். கப்பலிலுள்ளோர் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் வைஃபையில் செய்தி பார்க்கின்றனர். அதற்கும் பொறுக்காத செய்தியாயின், தூதர் கப்பல் நிறுவனத்தை அழைத்தால் கப்பலின் வரவேற்புப் பணிமனை அறைக்குத் தகவல் சேர்க்கும். அடுத்த துறைமுகத்தில் இறங்கி விமானம் பிடிக்க வேண்டிய நிலை வந்தாலும், அந்த ஏற்பாட்டைத் தொடங்கக் கரையிலிருப்பவரே வசதியானவர். இதையெல்லாம் வாயாற் பேசத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது சாவைப் பற்றிப் பேசுவதா என்ற தயக்கம். ஆனால் பேசிவைக்காத குடும்பங்களிலேதான் "ஏதும் வந்தால்" என்று தொலைபேசியை இரவு பகலாகத் திறந்து வைக்கின்றனர். வருவது பெரும்பாலும் விளம்பர அழைப்பாகவே இருக்கும்.

இவ்வளவுக்குப் பின்னரும் சிட்டை வந்துவிட்டால்? முதலிற் செலுத்திவிட்டுப் பின்னர் கேட்கலாம் என்று நம்மவர் நினைப்பதுண்டு. கடன்மதிப்புக் கெட்டுவிடும் என்ற அச்சமும், அதிகாரிகளிடம் மொழி தடுமாறும் கூச்சமும் அதற்குக் காரணம். உரிமைகள் எவை என்று அறிந்தால் அந்தக் கூச்சம் குறையும்.

கனடாவில் 2013 டிசெம்பரில் நடைமுறைக்கு வந்த கம்பியில்லாச் சேவை ஒழுங்குக்கோவை, ஒரு மாதக் கணக்கில் தரவு ரோமிங் கட்டணம் 100 டொலரை எட்டியதும், வாடிக்கையாளர் வெளிப்படையாக இணங்கினாலன்றி மேலும் அறவிடலாகாது என்கிறது. 2017 இற் செய்யப்பட்ட திருத்தம் இரண்டு கருத்துகளைத் தெளிவாக்கியது. ஒரு கணக்கில் எத்தனை தொலைபேசிகள் இருந்தாலும் வரம்பு அந்தக் கணக்குக்கே உரியது. அந்த இணக்கத்தைத் தரக்கூடியவர் கணக்கின் உரிமையாளரோ அவர் அதிகாரமளித்தவரோ மட்டுமே. மகனின் கணக்கில் இருக்கும் தாயாரின் தொலைபேசிக்கு வந்த செய்திக்கு, அவர் விளங்காமல் "ஆம்" என்று விடையளித்திருந்தால், அந்த இணக்கம் கேள்விக்குரியது. பெற்றோரின் தொலைபேசிகளைப் பிள்ளைகளே எடுத்துக்கொடுக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஆனால் இந்த 100 டொலர் வரம்பு தரவுக்கு மட்டுமே. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2022 ஒழுங்குவிதி கப்பல் வலையமைப்புக்கு விலைவரம்பு இடாவிடினும் ஒரு தடுப்பை வைத்துள்ளது. செய்மதி வலையமைப்பில் இணைந்ததும் நிறுவனம் செய்தி அனுப்ப வேண்டும். வேறு வரம்பு வாடிக்கையாளருடன் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தாலன்றி, கட்டணம் 50 யூரோவை எட்டியதும் சேவையை நிறுத்த வேண்டும். பிரித்தானியாவில் ஒஃப்கொம் அமைப்பின் விதிகள் 2024 ஒக்டோபர் 1 முதல், ரோமிங் தொடங்கும்போது கட்டண விபரத்தை வாடிக்கையாளருக்கு அறிவிக்கும்படி நிறுவனங்களைப் பணிக்கின்றன. ஆகவே முறைப்பாட்டில் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி: "எந்த நாளில், எந்த நேரத்தில் எச்சரிக்கைச் செய்தி அனுப்பினீர்கள்?" வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பதும், இணைந்த நேரத்தைத் திரைப்படமாக எடுத்து வைப்பதும் இதற்கு உதவும்.

முறைப்பாட்டை எழுத்தில் அனுப்ப வேண்டும். வாடிக்கையாளர் சேவையிலுள்ளவர் தொலைபேசியில் "ஒன்றும் செய்ய முடியாது" என்றால் அது முடிவன்று. கனடாவில் தொலைத்தொடர்பு மற்றும் தொலைக்காட்சிச் சேவை முறைப்பாட்டு ஆணையமும், அவுஸ்திரேலியாவில் தொலைத்தொடர்புத் துறைக் குறைகேள் அதிகாரியும், யேர்மனியில் கூட்டாட்சி வலையமைப்பு முகமையின் இணக்க மன்றமும் பொதுமக்களின் முறைப்பாடுகளை ஏற்கின்றன. பிரித்தானியாவில் ஒவ்வொரு நிறுவனமும் சுயாதீனப் பிணக்குத் தீர்வுத் திட்டமொன்றில் உறுப்பினராக இருந்தே ஆகவேண்டும். நிறுவனத்திடம் முதலில் முறையிட்டு, தீராத பின்னரே இவர்களிடம் செல்லலாம். கணக்கு மகன் பெயரில் இருந்தால் மகனே எழுத வேண்டும்.

ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. கப்பல் வலையமைப்பில் வாடிக்கையாளர் கேட்டாலன்றி இணைய விடாமல் தடுத்து வைப்பது தொலைபேசி நிறுவனங்களுக்கு இயலாத காரியமா? 901 என்ற குறியீட்டை அடையாளங் கண்டு கட்டணம் போடத் தெரிந்தவர்களுக்கு, அதே குறியீட்டை அடையாளங் கண்டு தடுக்கவும் தெரியும். ஐரோப்பாவில் கப்பல் வலையமைப்பை முழுவதுமாக விலக்கிவிடும் வசதியைத் தரும் நிறுவனங்கள் உண்டு. விரும்பியவர் கேட்டு விலகுவதற்குப் பதிலாக, விரும்பியவர் கேட்டு இணையும் முறை எங்கும் வர வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் தொலைத்தொடர்பு ஆணையங்கள் பொதுமக்களின் கருத்தை அவ்வப்போது கோருகின்றன. அக்கருத்துக் கோரல்களுக்குத் தமிழ் அமைப்புகள் விடையளித்தால், பாதிக்கப்பட்டவர்களின் சிட்டைகளையும் இணைத்து அனுப்பலாம். இந்தப் பயணப் பருவத்தில் சிட்டை பெற்றவர்கள் அதைக் கிழித்தெறியாமல், பெயர் விபரங்களை மறைத்து, ஒரு பிரதி எடுத்துத் தத்தம் சங்கத்தில் ஒப்படைக்கலாம்.